கடல் கடந்தோரும் கைச்சீட்டும்

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டனர். மன்னர்தம் வெற்றிகளை எழுதப் பலர் உளர். நான் எழுத விழைவது ஒரு தகரப் பெட்டியின் வரலாறு.

என் தாய்வழி உறவினரான மூதாட்டி ஒருவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர்த் தம் பாட்டனார் பிறந்த கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சேரிக்கே வந்து சேர்ந்தார். அவர் கொணர்ந்த தகரப் பெட்டியில் நகையில்லை, பட்டில்லை. பிறப்புப் பதிவு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கண்டியில் இருந்த இந்தியத் தூதர் அலுவலகம் தந்த கடவுச்சீட்டு, குடும்ப அட்டை ஆகியவையே எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டுக் கிடந்தன. அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆயினும் வீட்டில் தீப்பற்றினால் முதலில் எடுக்க வேண்டியது அந்தப் பெட்டி என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

அவர் அஞ்சியது வீண்போகவில்லை. குடும்ப அட்டையில் இளைய மகன் பெயர் ஒருவிதமாகவும், பள்ளிச் சான்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பித்துச் சாதிச் சான்றிதழ் பெறுவதற்குள் நான்காண்டுகள் கழிந்தன. கிடைத்திருக்க வேண்டிய கல்லூரி இடமும் கைநழுவிப் போயிற்று. கடலைக் கடந்து வந்த குடும்பத்தால் ஓர் எழுத்துப் பிழையைக் கடக்க முடியவில்லை.

இன்று நம் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் தொழில் அனுமதி பெற்றுச் செல்கின்றனர். சிலர் அமெரிக்காவில் பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கின்றனர். அனுமதிச் சீட்டுக்காக அலைவதைப் புதிய துன்பமென்று அவர்கள் எண்ணலாம். அது புதியதன்று. நம் முன்னோர் கடல் கடந்த நாள்முதல் அவர்தம் விதியை எழுதியது ஏதேனும் ஒரு சீட்டே. அச்சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் எவனோ, அவன் கையில்தான் அதிகாரம் இருந்தது. இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேரியிலிருந்து கப்பலுக்கு

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மாற்று ஆட்கள் தேவைப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை பிறந்தது. மோரீசு, நேட்டால், பிஜி, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றுக்கு ஆட்கள் அனுப்பப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் வழியே பிரெஞ்சுத் தீவுகளுக்கும் நம் மக்கள் சென்றனர்.

அக்காலத்தில் கள்ளக்குறிச்சி, தென்னார்க்காடு ஜில்லாவின் ஒரு தாலுகா. (1993-இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது, 2019-இல் தனி மாவட்டமாயிற்று.) ஏரிப் பாசனமும் வானம் பார்த்த புன்செயும் கொண்ட இப்பகுதியில் உழவன் நிலை மழையைப் பொறுத்தது, படியாளின் நிலை பண்ணையாரைப் பொறுத்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் முதலில் மடிந்தோர் நிலமற்றோரே. எனவே கங்காணியும் ஆள்பிடிக்கும் தரகனும் ஊருக்குள் வந்தபோது சேரி மக்கள் அவர்களைப் பின்தொடர்ந்ததில் வியப்பில்லை. ஏமாற்றப்பட்டுப் போனவர் உண்டு. பசி தாளாமல் போனவர் உண்டு. சாதிக் கொடுமையிலிருந்து தப்பவென்றே மனமுவந்து போனவரும் உண்டு. மூன்றாமவரை வரலாற்றாசிரியர் பலர் மறந்துவிடுகின்றனர். படியாளுக்குக் கடல், சிறையின் மதில் மட்டுமன்று. சில வேளை சிறையின் வாயிலும் ஆயிற்று.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியே சென்றவர்கள். கப்பல் பதிவேடுகள் இன்றும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என வரிசையாகக் கலங்கள். சொந்த ஊரில் எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத ஏழைக்கு முதன்முதலாகப் பெயர் எழுதப்பட்டது அயல்நாட்டுக் கூலிப் பதிவேட்டில்தான்! அதையும் எழுதியவன் கேட்டபடி எழுதினான். தம் பெயர் எப்படி எழுதப்பட்டது என்பதை உரியவரால் சரிபார்க்க இயலவில்லை. கட்டைவிரல் ரேகையோ ஒரு கீறலோ கையொப்பமாயிற்று.

மோரீசில் சீட்டின் ஆட்சி இன்னும் கடுமையாயிற்று. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டுமென்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சீட்டின்றிப் பிடிபட்டவர் நாடோடி எனத் தண்டிக்கப்பட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் புகைப்பட அடையாள அட்டையின் முன்னோடிகளுள் ஒன்று, கரும்புத் தோட்டக் கூலியின் சட்டைப் பையில் இருந்தது எனலாம்.

நேட்டால்: தங்குவதற்கு ஒரு வரி

நேட்டாலில் ஒப்பந்தக் கூலியின் மாதச் சம்பளம் முதலாண்டில் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் வீதம் உயரும். ஐந்தாண்டு முடிந்தபின் அவர் விடுதலை பெறலாம். விரும்பினால் அங்கேயே நிலம் பயிரிட்டு வாழலாம். அவ்வாறு வாழத் தலைப்பட்டோர் காய்கறி பயிரிட்டும் சிறு வாணிபம் செய்தும் முன்னேறினர். அது வெள்ளைக் குடியேறிகளின் கண்ணை உறுத்தியது.

1895-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருப்போர், அங்குத் தங்குவதற்கு ஆண்டுதோறும் மூன்று பவுன் செலுத்தி உரிமச் சீட்டுப் பெற வேண்டும். பின்னர் இவ்வரி 16 வயதுக்கு மேற்பட்ட ஆண் மக்களுக்கும் 13 வயதுக்கு மேற்பட்ட பெண் மக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலியின் ஆறு மாதச் சம்பளம்! கணவன், மனைவி, வயது வந்த பிள்ளைகள் இருவர் என்றால் குடும்பத்துக்கு 12 பவுன். செலுத்த முடியாதவர் முன் இரண்டே வழிகள்: மீண்டும் ஒப்பந்தக் கூலியாவது, அல்லது கப்பலேறுவது. சீட்டுக்கு வைக்கப்பட்ட விலையின் நோக்கம் வருவாய் அன்று. உழைப்பவன் சுதந்திரமாக வாழக்கூடாது என்பதே.

அண்டையிலிருந்த டிரான்ஸ்வாலில் ஆசியர் அனைவரும் பத்து விரல் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டுமென்ற சட்டம் எழுந்தது. காந்தியடிகள் தலைமையில் 1908 ஆகஸ்டு 16-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் அச்சீட்டுகள் குவியலாக எரிக்கப்பட்டன. 1913-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நவம்பர் 6-ஆம் நாள் சுமார் 2,000 பேர் அனுமதிச் சீட்டின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தனர். பின்னர்க் கரும்புத் தோட்டங்களும் கிளர்ந்தெழுந்தன. சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22-இல் உயிர்நீத்த இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழகம் அறியும். அதே ஆண்டில் மூன்று பவுன் வரி ஒழிந்தது. தலைவர் பெயரை ஏடுகள் எழுதின. நடந்த கால்கள் பெரும்பாலும் பெயரறியா ஏழைத் தமிழருடையவை என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் நம் சமுதாயம் பெருமையுடன் நினைக்க வேண்டியவர் ஒருவர் உளர். ‘பறையன்’ இதழை 1893-இல் தொடங்கியவரும், பின்னர் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் வீற்றிருந்தவருமான இரட்டைமலை சீனிவாசன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். வழக்குமன்றத்தில் நின்ற தமிழ்க் கூலிக்கு நீதிபதி சொல்வது விளங்காது; கூலி சொல்வது நீதிபதிக்கு விளங்காது. இடையே நின்ற படித்த ஒருவரால் என்ன பயன் விளைந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கல்வி ஒருவருக்கு வேலை தருகிறது. பலருக்கு வாய் தருகிறது.

இலங்கை: துண்டும் தகரமும்

இலங்கைக்குச் சென்றோர் நிலை வேறு. அங்கு முதலில் காப்பித் தோட்டங்களும், 1867-க்குப் பின் மெல்ல மெல்லத் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய ஜில்லாக்களோடு நம் தென்னார்க்காட்டிலிருந்தும் மக்கள் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே. கப்பல் ஒப்பந்தத்துக்குப் பதிலாக அங்குக் கங்காணி முறை நிலவியது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணி கொடுத்த முன்பணம். தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே தொழிலாளி கடனாளி.

ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இன்னார் இவ்வளவு கடன்பட்டுள்ளார், அதைத் தீர்ப்போர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டே அது. கடனும் மனிதனும் ஒரே தாளில் கைமாறினர். அத்தாளில் எழுதப்பட்ட தொகை சரியா என்று தொழிலாளி எவ்வாறு அறிவார்? பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட சேரியிலிருந்து வந்தவர் அவர். இக்கொடிய முறை 1921-இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், பயணத்தின்போது கழுத்தில் தொங்கவிடத் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரத் துண்டு வழங்கப்பட்டது. மண்டபம் முகாமில் அதைப் பார்த்தே ஆள் இன்ன தோட்டத்துக்கு என்று பிரித்து அனுப்பினர். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, தகரம் பேசியது.

விண்ணப்பம் என்னும் வேலி

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமோ இலங்கையில் பிறந்தவர் என்று மெய்ப்பிக்கக் கூடியவர்க்கே பிறப்புவழிக் குடியுரிமை தந்தது. தோட்டக் குடிசையில் பிறந்த எத்தனை பேருக்குப் பாட்டனின் பிறப்புச் சான்று இருக்கும்? 1947 தேர்தலில் வாக்களித்து ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்கற்றோராயினர்.

1949-இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்க்கென வேறொரு சட்டம் வந்தது. 1946 சனவரி 1-க்கு முன், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமை கிட்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டுக் கெடு. 1951 ஆகஸ்டு 5-உடன் முடிந்தது. மக்களின் அமைப்பு முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லி, இறுதிக் காலத்தில் விண்ணப்பிக்கச் சொல்லியது. கெடு நெருங்கியபோது அவசரம் அவசரமாகப் படிவங்கள் நிரப்பப்பட்டன.

படிவம் நிரப்பிய கதையை அம்மூதாட்டி எனக்குச் சொல்லியிருக்கிறார். தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் ஒரு பெயர். பிறப்புப் பதிவில் வேறொரு பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர் மற்றொன்று. குலதெய்வத்துக்கு மொட்டையடிக்கவோ தாயின் சாவுக்கோ ஊர் போய்த் திரும்பத் தாமதித்திருந்தால், தொடர்ந்து வாழவில்லை என்ற ஐயம். விசாரணையில் ஆண்டு, மாதம் கேட்டால், ‘பெரிய மழை பெய்த வருசம்’ என்றே பதில் சொல்லத் தெரிந்தவர்கள். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வின் முடிவில் சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. ஏனையோர் எந்நாட்டவரும் அல்லர்!

இது வெறும் அலுவலகத் தவறு அன்று. பலரை விலக்க வேண்டுமென்றே கட்டப்பட்ட வேலி. ஆயினும் வேலியைக் கட்டியவர் கல்வியற்றோரின் கல்லாமையையே அதன் முள்ளாகப் பயன்படுத்தினர் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். 1974-இல் அவர்களும் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். அம்மக்களைக் கேட்டு எவரும் கணக்குப் போடவில்லை. இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டோர் 5,25,000. ஆனால் 1970-இல் முடிந்த கெடுவுக்குள் இந்தியக் குடியுரிமை கேட்டோரோ சுமார் 4 லட்சம் பேரே.

வந்தவர்க்கு இங்கு என்ன கிடைத்தது? சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, சிலருக்கு நூற்பாலைகளில், பலருக்குச் சிறு தொழில் கடன் என்ற பெயரில் ஒரு சீட்டு. தேயிலைக் கொழுந்து கிள்ளியே பழகிய கைக்கு வாணிபம் வரவில்லை. கடன் தொகையைத் தரகரிடம் இழந்து, கொடைக்கானல் மலைக் காடுகளில் கொத்தடிமைகளாகச் சிக்கியோரும் உண்டு. 1984-இல் போரினால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாயிரவர் இலங்கையில் தங்கிவிட்டனர். நாடற்றோர் அனைவர்க்கும் குடியுரிமை தரும் சட்டத்தை இலங்கை 2003-இல் இயற்றியது. 1948-இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள்! 1983-க்குப் பின் அகதிகளாய் இங்கு வந்த மலையகத் தமிழருள் பலர்க்கு இன்னும் விடிவு வரவில்லை.

மலேயா: சிவப்பு அட்டை

மலேயா ரப்பர்த் தோட்டங்களில் இதே நாடகம் வேறு மேடையில் நடந்தது. 1957-இல் அந்நாடு விடுதலை பெற்றபின், குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்தவர் நீல அடையாள அட்டை பெற்றனர். விண்ணப்பிக்கத் தவறியோர் சிவப்பு அட்டையுடன் நின்றனர். ‘பிறந்து வளர்ந்த தோட்டம், யார் நம்மை வெளியேற்றுவர்?’ என்று பலர் வாளாவிருந்துவிட்டனர். 1968-இல் வேலை வாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் அல்லாதார் வேலை பார்க்கத் தொழில் அனுமதி வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டோர் கப்பலேறினர். சுமார் 60,000 பேர் நாடு திரும்பியதாக மதிப்பிடுவர். காலத்தில் நிரப்பாத ஒரு படிவம் ஒரு வாழ்நாள் உழைப்பை விழுங்கிற்று.

அமெரிக்கா: பச்சை அட்டை

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார்; 1916-இல் அங்கிருந்து இலண்டன் புறப்பட்டார். மறு ஆண்டே, 1917-இல், ஆசியர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. இந்தியரும் அதில் அடங்கினர்.

1923-இல் பகத் சிங் திண்டு என்னும் இந்தியரின் வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் மட்டுமே அன்று அங்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. அவர் சார்பில் வைக்கப்பட்ட வாதம் என்ன தெரியுமா? தாம் உயர்சாதி இந்து. ஆதலின் ஆரிய இனத்தவர். ஆதலின் வெள்ளையர் என்பதே! நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தோற்ற வாதமாயினும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. சாதி கடல் தாண்டும்போது கப்பலில் இடம் கேட்கிறது. அயல்நாட்டு நீதிமன்றத்திலும் சலுகை கேட்கிறது. அங்குப் பணியிடங்களில் சாதிப் பாகுபாடு உண்டென்ற குரல் எழுந்து, 2023-இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களுள் அதுவே முதலாவது.

1946-இல் ஆண்டுக்கு 100 இந்தியருக்கு மட்டும் கதவு திறந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கியபின்தான் மருத்துவரும் பொறியாளரும் மிகுதியாகச் சென்றனர். நிரந்தரமாகத் தங்கி உழைக்க உரிமை தரும் அட்டையே பச்சை அட்டை. 1940களில் பச்சை நிறத்தில் வந்ததால் அப்பெயர் பெற்றது. பின்னர் நிறம் பலமுறை மாறியும் பெயர் மாறவில்லை. 2010-இல் மீண்டும் பச்சையாயிற்று.

அதைப் பெறும் வழியை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. பெரும்பாலோர் முதலில் எச்-1பி என்னும் தற்காலிகத் தொழில் அனுமதியில் செல்கின்றனர். அது தனி மனிதனுக்கு வழங்கப்படுவதன்று. முதலாளி விண்ணப்பித்துப் பெறுவது. ஆண்டுக்கு 85,000 இடங்கள். கேட்போர் மிகுதியாயின் குலுக்கல். வேலை போனால் அறுபது நாட்களுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும்; இல்லையேல் நாட்டை விட்டு நீங்க வேண்டும். பின்னர்ப் பச்சை அட்டைக்கு மூன்று படிகள். அப்பணிக்குத் தகுதியான உள்நாட்டார் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையின் சான்று பெறுதல். முதலாளி குடியேற்றத் துறையில் மனுச் செய்தல். தம் முறை வரும்போது தொழிலாளி இறுதி விண்ணப்பம் அளித்தல்.

‘முறை வரும்போது’ என்ற சொற்களில்தான் இடர் உள்ளது. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை வழியிலான பச்சை அட்டைகள் ஆண்டுக்கு 1,40,000. எந்த ஒரு நாட்டவரும் பொதுவாக நூற்றுக்கு ஏழுக்கு மேல் பெறலாகாது. சிறு நாடாயினும் இந்தியாவாயினும் அதே ஏழு. அஃதாவது சுமார் 9,800. எனவே இந்தியரின் வரிசை பத்தாண்டுகளுக்கு மேலும் நீள்கிறது. முதற்படியில் மனு ஏற்கப்பட்ட நாளே வரிசையில் அவர்தம் இடம். பெற்றோர் காத்திருக்கையில் பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால், அப்பிள்ளை குடும்ப விண்ணப்பத்திலிருந்து விலக நேரிடும். ஓர் அட்டைக்காகக் காத்திருப்பவன் முதலாளியிடம் நியாயம் கேட்கத் தயங்குகிறான். குளிரூட்டிய அறையில் கணிப்பொறி முன் அமர்ந்திருப்பினும், துண்டு எழுதித் தந்த துரையின் நிழல் முழுதும் நீங்கிவிடவில்லை. வேறுபாடு ஒன்றுண்டு, பெரிய வேறுபாடு. இவன் தன் சீட்டைத் தானே படிக்கிறான், கெடுவை அறிகிறான், வழக்கறிஞரைக் கேள்வி கேட்கிறான். அந்த வேறுபாட்டின் பெயரே கல்வி.

கடல் கடவாமலே சீட்டற்றோர்

சீட்டின்மையின் கொடுமையை அறியக் கப்பலேற வேண்டியதில்லை. நம் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையை நோக்கினால் போதும். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் அம்மலை இருந்தது. நாடு 1947-இல் விடுதலை பெற்றும், அம்மலை முற்றாக அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது 1976-இல்தான். அதுகாறும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாருக்கு ஊதியமின்றி உழைத்தனர். உழுத நிலத்துக்குப் பட்டா இல்லை. சமவெளியில் நம் நிலை என்ன? 1892 முதல் நம்மவர்க்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிறர்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும் ஏராளமாகக் கைமாறின. நிபந்தனை எழுதிய தாள் இருந்தது. அதைப் படிக்கும் கண் இல்லை.

ஆக, மலைவாழ் மக்களும் நாமும் இலங்கை சென்ற உறவினரும் கற்ற பாடம் ஒன்றே.

இளைஞர் செய்ய வேண்டுவன

வரலாறு கண்ணீருக்காக மட்டும் கற்கப்படுவதன்று. இளைஞர்க்குச் சில சொல்வேன்.

ஒன்று: பத்தாம் வகுப்பைத் தாண்டுங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டு ‘குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை’ என்னும் பிரிவில் அடங்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெற வேண்டும். அது அவரைக் காக்கவே ஏற்பட்டது. அதைத் தவிர்க்கச் சுற்றுலா அனுமதியில் அழைத்துச் செல்வதாகக் கூறும் தரகரே பேரிடர்.

இரண்டு: பதிவு பெற்ற முகவரையே அணுகுங்கள். அவர் பெறத்தக்க கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. 1978 முதல் தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இயங்குகிறது.

மூன்று: பிறப்புச் சான்று, சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, கடவுச்சீட்டு அனைத்திலும் பெயரும் தந்தை பெயரும் பிறந்த நாளும் ஓர் எழுத்தும் மாறாதிருக்கச் செய்யுங்கள். பிழையிருப்பின் பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே திருத்துங்கள். கப்பலும் விமானமும் காத்திரா.

நான்கு: புரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். சம்பளம், வேலை நேரம், திரும்பும் செலவு ஆகியவற்றைப் படித்தவர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். படி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைப்பது வழக்கம் என்று எவர் சொன்னாலும், அது உங்கள் உடைமை என்பதை அறிந்திருங்கள்.

ஐந்து: மேற்படிப்புக்காகக் கடல் கடக்க விழைவோர், தாழ்த்தப்பட்டோர்க்கென 1954-55 முதல் நடுவணரசு வழங்கிவரும் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையை மறவாதீர்கள். பரோடா மன்னர் ஒருவர்க்குத் தந்த வாய்ப்பு உலகை மாற்றியது. இன்று அவ்வாய்ப்பைக் கேட்டுப் பெற ஒரு விண்ணப்பம் போதும். அதை எழுத வேண்டியது நீங்கள்.

நிறைவாக

அம்மூதாட்டி இன்றில்லை. அவருடைய பேத்தி நம் சங்கத்தின் மாலைப் பள்ளியில் படித்தவள்; பட்டம் பெற்று, இன்று தொழில் அனுமதியுடன் அயல்நாட்டில் செவிலியராகப் பணிபுரிகிறாள். புறப்படுமுன் பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த ஒவ்வொரு தாளையும் வாய்விட்டுப் படித்தாள். அவள் தந்தை, எழுத்துப் பிழையால் கல்லூரியை இழந்த அதே இளைய மகன், அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக அவ்வீட்டார் சுமந்து வந்த தாள்களை, அவ்வீட்டுப் பிள்ளையே முதன்முதலாகப் படித்த நாள் அது.

கங்காணியின் துண்டையும் கழுத்துத் தகரத்தையும் காலம் அழித்துவிட்டது. ஆயினும் சீட்டுகள் ஒழியவில்லை. நாளை வேறு பெயரில், வேறு நிறத்தில் வரும். அவற்றை நம்மவர்க்கு எதிராக எவரும் எழுதிவிடாதிருக்க, எழுதவும் படிக்கவும் தெரிந்த கைகள் ஒவ்வொரு சேரியிலும் ஒவ்வொரு மலைச் சிற்றூரிலும் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் ஆற்றிவரும் பணி இதுவே. பொன்விழாவுக்குள் அப்பணியை முடிக்க வேண்டியோர், இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் இளைஞர்களாகிய நீங்களே.